வாயிற்காவலர் கற்பித்த பாடம்

கலாசாலையிற் புதிதாய்ச் சேரும் மாணாக்கரை வரவேற்று, நூல்நிலையம் இது, உணவுச்சாலை அது எனச் சுட்டிக் காட்டுதல் நமது வழக்கம். புதிதாய் அமர்த்தப்படும் வாயிற்காவலர்க்கோ ஒரு சீருடையும் விசிலும் டார்ச் விளக்கும் கொடுத்து, அன்றிரவே வாயிலில் நிறுத்திவிடுவதுண்டு. அங்ஙனமின்றி, இவ்வாண்டு விடுதிக்கு வந்த மூவருக்கும் வேலைமுறையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது.

இத்தொழிலுக்கும் பயிற்சி உண்டென்பதைப் பலர் அறியார். தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதனையொட்டி 2006-இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், காவலர்க்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும், 20 வேலைநாட்களுக்குக் குறையாமற் பயிற்சி தரவேண்டுமென்றன. தீயணைத்தல், முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், அடையாளச் சீட்டுக்களை ஆராய்தல் ஆகியன அப்பாடங்களுட் சில.

மூவருள் மூத்தவர் ஐம்பது கடந்தவர். கிணறு வற்றியமையால் உழவை விட்டு வந்தவர். தீயணைப்புக் கருவிகளையும், மின்சாரத்தை நிறுத்தும் பொறியையும், வருவோர் பதிவேட்டையும் காட்டி, இரவு பத்து மணிக்குமேல் எவராயினும் கையொப்பமிட்டே உட்புகவேண்டுமென அறிவித்தோம். "பெரியவர்களைத் தடுத்தால் கோபிக்கமாட்டார்களா, ஐயா?" என்றார் அவர். ஒருவரும் கோபியார் என உறுதி கூறினோம்.

நான்காம் நாள் இரவு, ஊரினின்று காலந்தாழ்த்தித் திரும்பிய நம்மையே அவர் தடுத்தார். நம்மை அறியாரோ எனச் சினந்து வினவினோம். "தெரியும், ஐயா. தாங்கள் சொல்லிக்கொடுத்த விதிதானே" என்றார். மாணாக்கர் சிலர் பார்த்து நின்றமையால் நாணம் மேலிட, காலையில் மேலதிகாரிக்கு முறையிடுவோமென்று அச்சுறுத்தினோம். அவர் கையிலிருந்த விளக்கு நடுங்கிற்று, கதவு திறக்கவில்லை. கையொப்பமிட்டுச் சென்றோம்.

அன்றிரவு துயில் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் வாயிலுக்குச் சென்றோம். அவர் தம் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். வேலை போயிற்றென்றே எண்ணி, மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு யாரிடங் கடன் கேட்பதெனக் கலங்கிக் கொண்டிருந்தார். மற்றையிருவர் முன்னிலையில் நமது பிழையைச் சொல்லி மன்னிப்பு வேண்டினோம். "இருக்கட்டும், ஐயா. இன்றிரவும் நான்தான் வாயிலில்" என்று கூறி மூட்டையை அவிழ்த்தார்.

அன்பர்காள், காவலர்க்கு 160 மணி நேரப் பயிற்சி விதித்தோர், வாயிலிற் புகுவோர்க்கு ஒரு நாழிகைப் பாடமும் விதித்திலர். ஆதலின் வரும் ஆண்டு புதிய மாணாக்கரை வரவேற்கும் நாளில், ஆசிரியரோடு காவலரையும் பெயர் சொல்லி அறிமுகஞ் செய்விக்க எண்ணியுள்ளோம். அந்நாளில் நம் கதையையும் மறையாது சொல்லுவோம்.