தண்ணி மாற ஆள் தேடவேண்டாம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, ஒரு போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில் இரண்டு பேர், ஒரு தம்பியும் ஒரு பிள்ளையும், இருந்து எழுதுகிறார்கள். சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் ஒரு கடைதான் இருவருக்கும் வேலை கொடுத்திருக்கிறது. தம்பி வீதியோரப் பலகைக்கும் பேஸ்புக்குக்கும் ஒரு வரி எழுதவேண்டும்; அது கொப்பிரைட்டிங். விவசாயம் படித்த பிள்ளை கடையின் இணையத்தளத்துக்கு நீண்ட கட்டுரை எழுதவேண்டும்; அது கொன்ரென்ற் ரைட்டிங். எந்தத் தொழிலுக்குப் போவது என்று கம்பஸ் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பதால், இருவரின் வேலையையும் கூட இருந்து பார்க்கப் போனேன்.

தம்பி விடியவே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விட்டார். மரக்கறி இறக்கிவிட்டு நின்ற தோட்டக்காரரிடம் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. “ஐயா, இந்தமுறை இறைப்பு எப்பிடி?” என்றுதான் தொடங்கினார். தண்ணீர் மிச்சப்படும் என்பதைப் பெரிதாகப் போடும்படி கடைக்காரர் சொல்லியிருந்தார். தோட்டக்காரரின் கவலை வேறு. “மெசினைப் போட்டால் தண்ணி வரும். வாய்க்காலிலை நிண்டு தண்ணி மாற ஆள் எங்கை தம்பி?”

பின்னேரம் பலகைக்கு வரி வந்துவிட்டது: ‘தண்ணி மாற ஆள் தேடவேண்டாம்.’ நாலே சொல். அந்தக் காலைப்பொழுது முழுவதும் அதற்குள் இருக்கிறது. இப்படித்தான், ரோல்ஸ் ரோய்ஸ் காருக்கு 1958இல் வந்த தன் பெயர்பெற்ற விளம்பரத்தை எழுதுமுன் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஒகில்வி மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றி வாசித்தார்.

பலகையைப் பார்த்தவருக்கு அடுத்து வரும் சந்தேகங்கள் எல்லாம் பிள்ளையின் பங்கு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தங்கி நிற்பது. அதில் கரைந்திருக்கும் கல்சியம் படிந்து, குழாயின் சிறு துவாரங்கள் அடைபட்டுப்போகும். அமிலம் விட்டுக் கழுவும் முறையையும், அதைக் கையாளும்போது வேண்டிய கவனத்தையும் அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். அடைபடும் என்று எழுதினால் வியாபாரம் கெடாதா என்று கேட்டேன். “எழுதாட்டி அடுத்த வருசம் ஏசிக்கொண்டு வருவினம், அண்ணை.” இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பொருள் விற்கும் இடம் வாசிக்கவும் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1970களில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழை நடத்தியது. சவர்க்காரம் விற்ற இடம் சமயத்தையும் ஊர்ப் பெரியோரையும் பற்றி வாசிக்கக் கொடுத்தது. நூலகம் இணையத்தளத்தில் அந்த இதழ்களை இன்றும் வாசிக்கலாம். அமெரிக்காவில் உழவுக்கருவி செய்த ஜோன் டியர் நிறுவனம் 1895இலேயே விவசாயிகளுக்கென ‘த ஃபரோ’ இதழைத் தொடங்கியிருந்தது.

தம்பிக்குத் தீர்ப்பு உடனே வந்துவிடும். கடைக்கு அழைப்பு வராவிட்டால், எவ்வளவு வடிவான வரியென்றாலும் கழற்றவேண்டியதுதான். பிள்ளையின் கட்டுரை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வாசகரைச் சேர்க்கும்; பாராட்டும் பிந்தித்தான் வரும். சந்தையில் முன்பின் தெரியாதவரிடம் கதை கொடுத்து, எழுதியது எடுபடாமற் போனால் மறுநாளே வேறு வரி எழுதக்கூடியவர் விளம்பரத்துக்குப் போகலாம். ஒரு விசயத்தின் அடி காணாமல் நித்திரை வராதவருக்குக் கட்டுரைதான் சரி.

எதற்குப் போனாலும், சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதை நான் எதிர்க்கிறேன். பந்தியை நீட்டத்தான் அது பழக்கும். இப்போது பந்திகளைக் கணினியே நொடியில் எழுதித் தள்ளுகிறது. சந்தைக்குப் போய் நிற்க அதனால் முடியாது.

இருவரும் பில்லில் கள விசாரிப்புக்கென்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். “சந்தையிலை நிண்டதுக்கும் காசோ?” என்று கடைக்காரர் முதலில் முகம் சுழித்தார். பிறகு துவாரம் அடைபடுவதைப் பற்றிய பகுதியை இருந்து வாசித்தார். தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, குழாய் கழுவும் அமிலத்தையும் கடையில் எடுத்து வைக்க விலை விசாரிக்கத் தொடங்கினார்.