மத்தளம்பாறைக்கு வந்த ஆபீஸ்!

தென்காசி என்றதும் குற்றாலம், பார்டர் புரோட்டா என்று சப்புக்கொட்டுகிற ஆசாமி நான். இந்த முறை அருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலிருக்கும் மத்தளம்பாறைக்குப் போனேன்.

அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இந்தப் பக்கம் வயல்... நடுவே ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி! 2011-லேயே தென்காசியில் கடை விரித்துவிட்டார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து இங்கேயே குடிவந்துவிட்டார். அடுத்த வருஷமே கொரோனா. 'ஊரிலிருந்தே வேலை பார்க்கலாமே' என்று அப்புறம்தான் நாமெல்லாம் கண்டுபிடித்தோம்!

டீக்கடையில் ஒதுங்கினேன்.

"ஊரு மாறிடுச்சா அண்ணாச்சி?"

"மாறாம? கொரோனாவுல மெட்ராஸ், பெங்களூர்ப் பயலுவ அம்புட்டுப் பேரும் வந்தானுவ. கம்பெனிக்காரன் கூப்பிட்டான், அம்புட்டுப் பேரும் போயிட்டானுவ. இங்கனயே வேலை கிடைச்சவந்தான் சார் தங்கியிருக்கான்."

"வாடகை எப்படி?"

"அது மட்டும் மெட்ராஸ்லேருந்து வந்துட்டுப் போகவே இல்ல!"

எனக்கு உறுத்தியது வேறு. சென்னையில் வேலை பிடிக்கவில்லையென்றால் ஓ.எம்.ஆரில் ரோட்டைக் கடந்தால் இன்னொரு கம்பெனி. இங்கே? மறுபடி பொதிகை எக்ஸ்பிரஸ்தான். பெண்டாட்டிக்கும் வேலை வேண்டுமென்றால் சிக்கல் ரெட்டிப்பு. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதுமா? ரெண்டாவது, மூணாவது கம்பெனி வந்தால்தான் பையன் தைரியமாக வீடு கட்டுவான்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"உங்க கம்பெனிக்கு இடம் வேணுமா சார்? தென்னந்தோப்பு ஒண்ணு கைவசம் இருக்கு!"