மழையை மறந்த வீடுகள்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து மேட்டில் ஏறும் தெருக்களில் ஒரு புதுவகை வீடு பெருகிவிட்டது. முகப்பில் ரோஸ் நிற பெயின்ட், உருண்டைத் தூண்கள், நாற்காலி போட இடமில்லாத பால்கனி. எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடியில் இரும்புக் குழாய்களை நட்டு நீலத் தகரம். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

தகரம் வரைபடத்தில் இருந்ததில்லை. ஓரிரு மழைக்காலம் போய், தளம் கசிந்து, சுவரில் பாசி படர்ந்து, படுக்கையறைக்கு வாளி வந்த பிறகு ஏற்றியது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை; சென்னையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நனைக்கும். ராமநாதபுரத்தில் மொட்டை மாடி அருமையான இடம்: மிளகாய் காயப் போடலாம், கோடையில் பாய் விரிக்கலாம். சிமென்ட் மூட்டைகளோடு கப்பலேறி வந்த அந்த வரைபடத்துக்கு இங்கே வேலை குறைவு.

முன்பு இருந்தவை மரவீடுகள். படாக் மரத் தூண், பலகைச் சுவர், தரையிலிருந்து உயர்த்திய தளம், சுவரைத் தாண்டி நீளும் சாய்வான தகரக் கூரை. பக்கத்திலேயே சாத்தம் மர ஆலை 1883 முதல் அறுத்துத் தள்ளியது. அந்த வீடுகளும் அழகுப் போட்டிக்கு நிற்பவை அல்ல. கரையான் அரிக்கும், மழை பெய்தால் பேச்சே கேட்காது. ஆனால் அவற்றுக்கு ஊர் தெரிந்திருந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் ஆடி நின்றுவிட்டன.

அந்தக் காலம் திரும்பாது, திரும்பவும் கூடாது. தீவுக் காடுகளில் மரம் வெட்டுவதை உச்சநீதிமன்றம் 2002இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கடற்கரை மணல் அள்ளுவதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. இரண்டும் நியாயமே. கழுவாத கடல் மணலின் உப்பு, கான்கிரீட்டுக்குள் கம்பியைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

ஆக, கான்கிரீட் என்பது முடிவாகிவிட்டது. எப்படிப்பட்ட கான்கிரீட் என்பதில்தான் சண்டை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கும் அவர் மகனுக்கும் ஒரு மாதமாக அதுதான் பேச்சு.

"கீழே வெறும் தூணு, மேலே மூணு மாடியா? இது ஆடுற மண்ணுப்பா" என்றார் அப்பா.

"வண்டி எங்கே நிறுத்துறது? அதோட, தகர வீடுன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்கப்பா. நீங்களே பார்த்தீங்கல்ல?"

மகன் சொல்வதிலும் வலி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வெந்தன. தகரம் என்றாலே அகதி முகாம் ஞாபகம். ரோஸ் பெயின்டும் உருண்டைத் தூணும் அந்த ஞாபகத்தை அழிக்கத்தான். அதைக் கேலி செய்வது சுலபம்.

அப்பாவின் பயமும் வெறும் பயமல்ல. நாட்டிலேயே மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலங்களில் அந்தமான் ஒன்று. கீழ்த்தளத்தில் சுவர் இல்லாமல் தூண்களை மட்டும் விட்டால், மேலே உள்ள அத்தனை பாரத்தின் ஆட்டமும் அந்தத் தூண்களில் வந்து விழும். 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு அப்பால் இருந்த ஆமதாபாதில் அடுக்குமாடிகள் பல இப்படித்தான் உட்கார்ந்தன. தூண்களுக்கிடையே சில இடங்களிலாவது அடி முதல் நுனி வரை கான்கிரீட் சுவர் எழுப்பி, கம்பி வளையங்களை நெருக்கிக் கட்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்தச் செலவு முகப்பில் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கடைசியில் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். மூன்று மாடி இரண்டானது. வண்டிக்கு ஒரு பக்கம் இடம், மற்ற பக்கம் கான்கிரீட் சுவர். உருண்டைத் தூண்களுக்கு வைத்திருந்த பணம் கூரைக்குப் போனது: ஆரம்பத்திலிருந்தே சாய்வு, சுவரைத் தாண்டி மூன்றடி நீட்டல். பெயின்ட் மட்டும் ரோஸ்தான், மகன் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய வீட்டைப் பிரித்தபோது படாக் தூண்களை அப்பா விற்கவில்லை. அவை புது வீட்டுக்கு ஜன்னல் சட்டமாகப் போகின்றன.