சாக்குத் துணிச் சாசனம்

பூவேலை என்பது ஓய்ந்த வேளையில் பொழுதைப் போக்கும் காரியம் என்றே நம்மவரில் பலர் எண்ணியிருக்கிறார்கள். அதனால் மனத்துக்குச் சாந்தி உண்டாகும் என்பதை மட்டும் எவரும் மறுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் கண்கூடாகக் காண்பதுதானே! எவ்வளவு துடுக்கான பெண்ணும் ஊசியில் நூலைக் கோத்து நாலு தையல் போட்டதும் அடங்கி விடுகிறாள். ஆனால், அந்தச் சாந்தி வாய்மூடி இருப்பதற்குத்தானா பயன்பட வேண்டும்? இக்கேள்விக்குத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்து ஸ்திரீகள் விடையளித்திருக்கிறார்கள்.

1973-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜெனரல் பினோசெட்டின் சர்வாதிகாரம் 1990 வரை நீடித்தது. அக்காலத்தில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர், அல்லது பிடித்துச் செல்லப்பட்டு மறைந்தே போயினர். பிள்ளையைத் தேடி அலைந்த தாய்க்குச் சர்க்கார் கச்சேரிகளில் விடை கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்கோ வாய்ப்பூட்டு.

1974 முதல், சாந்தியாகோ நகரில் சமயத் தலைவர்கள் அமைத்த உதவிக் குழுவின் ஆதரவில் இத்தாய்மார்கள் கூடியிருந்து தைக்கலாயினர். சாக்குத் துணியை விரித்து, அதன்மேல் கந்தல்களை வெட்டி வைத்துத் தைத்துச் சித்திரமாக்கினர். காணாமற் போன மகனுடைய சட்டைத் துண்டையே அதில் சேர்த்தவர்களும் உண்டு. பின்னால் ஆண்டீஸ் மலையும் சூரியனும் இருக்கும், முன்னால், "எங்கே அவர்கள்?" என்று கேட்கும் பெண்கள் நிற்பார்கள். சில துணிகளின் பின்புறத்தில் சிறு பை ஒன்று தைத்து, விவரம் எழுதிய காகிதத்தை அதற்குள் செருகி வைத்தனர்.

ஊசி ஏறி இறங்க, நடுங்கிய கை நிதானப்பட்டது; பக்கத்தில் இருந்தவளிடம் துயரைச் சொல்ல நாவும் எழுந்தது. துணி விற்ற காசு வீட்டில் அடுப்பெரிய உதவிற்று. அத்துணிகளோ கடல் கடந்து சென்று, உள்நாட்டுப் பத்திரிகைகள் சொல்ல முடியாததை அயல் நாட்டாருக்கு அறிவித்தன.

சாந்தி வேறு, பணிவு வேறு என்பதை இதனால் உணர்கிறோம். கோபம் சிதறிப் போகாமல் வருஷக்கணக்காகக் காத்து வைக்கும் வலிமையை அந்த ஊசி அவர்களுக்கு அளித்தது. மறைந்தவர்களில் 1,000 பேருக்கு மேல் இன்னமும் கண்டுபிடிக்கப்படவில்லை; கேள்வியும் ஓயவில்லை.

நம் பெண்களுக்குக் கிளியும் ரோஜாவும் தைக்கக் கற்பிக்கிறோம், நல்லதே. அவர்கள் மனத்தை உறுத்தும் அநியாயம் ஒன்றையும் துணியில் தைத்துக் காட்ட இடங்கொடுப்போமாக.