தங்கச்சிக்கு எந்த லேப்டாப்?

நீங்க சிவிலா இருங்க, மெக்கா இருங்க, பயோடெக்கா கூட இருங்க. இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்துட்டா சொந்தக்காரங்க கண்ணுக்கு நீங்க கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்தான். பத்தாவது ரிசல்ட் வந்த கையோட போன் வர ஆரம்பிச்சிடும். "தம்பி, பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும். நல்லதா ஒண்ணு சொல்லுப்பா."

நம்மள்ல பல பேர் உடனே சொல்றது நம்ம விஷ்லிஸ்ட்ல இருக்கிற மாடலைத்தான். கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேன்னு அடுக்குவோம். அது நம்ம ஆசை. பதினஞ்சு வயசுப் பிள்ளையோட தேவை வேற.

இந்த வருஷம் எனக்கு போன் பண்ணது சித்தப்பா. தங்கச்சி பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தனியார் பள்ளி. அரசாங்க லேப்டாப்பை எதிர்பார்க்க வழியில்லை. சித்தப்பா கையில சீட்டு எடுத்த காசு 40,000 ரூபாய். இன்னொரு தடவை இப்படி ஒரு தொகை எப்போ சேரும்னு தெரியாது. கடைக்காரர் வேற, "இன்னும் 25,000 போட்டா கேமிங் லேப்டாப், மாசத் தவணைல கட்டிடலாம்"னு சொல்லியிருக்கார்.

"போனை அவகிட்ட குடுங்க சித்தப்பா"ன்னேன்.

"லேப்டாப்ல என்ன பண்ணப் போறே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னா: "லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேருண்ணே. கீபோர்டு எப்பவும் வேற யாராவது கையிலதான் இருக்கும். நான் பின்னாடி நின்னு அவுட்புட்டை நோட்டுல எழுதிக்குவேன். ப்ரோகிராமைத் தப்பா அடிச்சா என்ன வரும்னு எனக்குப் பாக்கணும்."

எனக்கு இதுக்கு மேல எந்த ஸ்பெக் ஷீட்டும் தேவைப்படலை.

நம்ம ஸ்டேட் போர்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பதினொண்ணாவதுக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாவதுக்கு பைத்தானும் எஸ்க்யூஎல்லும். இதுக்கெல்லாம் ஐ3 அல்லது ரைசன் 3 ப்ராசஸர் தாராளம். கேமிங் லேப்டாப்புக்குக் குடுக்கிற கூடுதல் காசுல பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகுது. அவளுக்கு அது இப்போ வேண்டாம். அடாப்டரையும் சேர்த்து அந்த வெயிட்டைப் பையில தூக்கவும் வேண்டாம்.

நீங்களும் யாருக்காவது சொல்லப் போறீங்கன்னா, இதை மட்டும் பாருங்க.

ரேம் 8 ஜிபி போதும். ஆனா கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. சில மாடல்ல ரேமை போர்டுலயே சால்டர் பண்ணிடுவாங்க, பின்னால ஏத்தவே முடியாது. ஸ்லாட் இருந்தா காலேஜ் சேரும்போது 16 ஆக்கிக்கலாம்.

ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியா இருக்கணும். விலை கம்மின்னு 64 ஜிபி இஎம்எம்சி மாடல் பக்கம் போகாதீங்க. விண்டோஸ் 11 கேக்குற குறைந்தபட்ச அளவே 64 ஜிபிதான். நாலு அப்டேட் வந்தா இடம் தீர்ந்துடும்.

ப்ராசஸர் பேரைப் பாத்து ஏமாறாதீங்க. ரைசன் 5 7520யூ கேக்க 7000 சீரிஸ் மாதிரி புதுசா இருக்கும். மூணாவது இடத்துல இருக்கிற 2ங்கிற நம்பரைப் பாருங்க. உள்ள இருக்கிறது பழைய ஜென் 2 டிசைன்.

டிஸ்ப்ளே 1920க்கு 1080 இருக்கட்டும். ஐபிஎஸ் கிடைச்சா ரொம்ப நல்லது. மணிக்கணக்கா பிடிஎஃப் படிக்கப் போறது பிள்ளையோட கண்ணு.

செகண்ட் ஹேண்ட் வாங்குறதும் தப்பில்லை. ஆனா விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும். கடையிலயே கமாண்ட் பிராம்ப்ட்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டியும் இப்போ இருக்கிற ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க.

மாடலைக் கூட ஈஸியா முடிச்சிட்டோம். அதுக்கப்புறம்தான் சித்தப்பா மெதுவா ஆரம்பிச்சார்: "பொம்பளப்புள்ள ராவெல்லாம் நெட்ல உக்காந்தா என்னப்பா பண்றது? பாஸ்வேர்டு என்கிட்டயே இருக்கட்டும். தம்பியும் கேம் விளையாடிக்குவான்."

அவர் பயத்தை நான் கிண்டல் பண்ணலை. ஆனா எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சது ஒண்ணுதான். ஸ்கூல் லேப்ல நடக்குறதே வீட்டுலயும் நடக்கப் போகுது. கீபோர்டு தம்பி கையில இருக்கும், இவ பின்னாடி நிப்பா.

"ஹால்லயே வைங்க சித்தப்பா. ராத்திரி பத்து மணிக்கு மூடிடச் சொல்லுங்க. ஆனா மெயின் அக்கவுண்ட்டும் பாஸ்வேர்டும் அவளோடதா இருக்கட்டும். தம்பிக்கு வேற அக்கவுண்ட், ஞாயித்துக்கிழமை மட்டும்."

"யோசிக்கிறேன்"னு வச்சிட்டார். சித்திதான் ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு, சரின்னுட்டார்னு சொன்னாங்க.

புது ஐ3, 8 ஜிபி, ஒரு காலி ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி. தவணை இல்லாம 40,000க்குள்ள முடிஞ்சது. அதனால, அடுத்து உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தா, பட்ஜெட்டைக் கேட்டுட்டு, போனைப் பிள்ளைகிட்ட குடுக்கச் சொல்லுங்க.

போன வாரம் தங்கச்சி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தா. செமிகோலன் ஒண்ணை வேணும்னே விட்டுட்டு ரன் பண்ணியிருக்கா. கீழ மெசேஜ்: "அண்ணே, எரர் வந்திருச்சு! அடுத்து பிராக்கெட்ட எடுத்துப் பாக்கப் போறேன்."