மலைப்பாதையும் பழைய லாண்ட் றோவரும்

கண்டி மாநகரைக் காணாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆயினும் வாவியையும் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டவுடன் ஊர் திரும்பிவிடுவோர் பலர். நகருக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மடக்கிய கையின் விரல் மொழிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரிட்டனர். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட நமது மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதியாகும். அம்மலைகளுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் மீமுரே கிராமத்தைக் காணவே, குடும்பத்தினருடன் நமது பழைய லாண்ட் றோவரில் ஒரு காலை புறப்பட்டோம்.

இத்தகைய வண்டிகள் கண்டிக்குப் புதியவை அல்ல. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றிய நாள்களிலேயே ஜீப்புகள் இங்கு ஓடின. லாண்ட் றோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் மேற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தனர். அது துருப்பிடிக்காது என்று நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால், கீழேயுள்ள அடிச்சட்டம் உருக்கே. சேறு அங்கே தங்கினால் மெல்ல அரித்துவிடும்.

புறப்படுமுன் எண்ணெய், நீர், ரயர் யாவற்றையும் பார்த்தோம். ஒன்றை மட்டும் பார்த்திலோம்.

தெல்தெனியவைத் தாண்டி, ஹுன்னஸ்கிரியவில் பெருவீதியை விட்டு மலையேறினோம். கோர்பட்ஸ் கெப் என்னும் கணவாயில் நின்று கீழே நோக்கியபோது, பள்ளத்தாக்கு முழுவதும் பஞ்சுப் பொதியாய் மூடுபனி. பிள்ளைகள் ஆரவாரித்தனர். அம்மகிழ்ச்சியில் பிரேக்கை மிதித்தவாறே இறங்கத் தொடங்கினோம். சில வளைவுகள் கடந்ததும் எரியும் நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் மிதி சோர்ந்து, அடிவரை இறங்கிற்று! நெஞ்சு நடுங்கியது. உடனே கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உராயவிட்டு நிறுத்தினோம். நல்லவேளையாக ஒருவருக்கும் காயமில்லை.

பின்னால் வந்த வண்டியிலிருந்து ஒரு முதியவர் இறங்கினார்; தோட்டமொன்றில் நெடுங்காலம் சாரதியாக இருந்தவராம்.

"தம்பி, பிரேக் எண்ணெய் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

நம்மிடம் விடையில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகையில் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். நெடிய இறக்கத்தில் ஓயாது மிதித்தால் சில்லுகள் சூடேறி எண்ணெய் கொதிக்கும். குழாயில் ஆவி உண்டாகும். ஆவி அமுங்குமேயன்றி விசையைக் கடத்தாது. ஆறியபின் மிதி மீண்டும் இறுகும். நோய் தீர்ந்ததென்று அப்போது எண்ணலாகாது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். அதன்பின் அவர் சொற்படி, நின்ற நிலையிலேயே சிவப்புக் குமிழ் பிடியைப் பின்னிழுத்து, முதலாம் கியரில் ஊர்ந்தோம். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தொடவேண்டிய தேவை அரிதாயிற்று. ஓடையொன்றைக் கடந்ததும் மிதியைச் சிறிது அழுத்தியவாறே ஓட்டி, நனைந்த பிரேக்குகளை உலர்த்தவும் அவரே கற்பித்தார். மாலைக்குள் மீமுரேயின் வயல்கள் கண்ணுக்குப் புலப்பட்டன.

கண்டிக்குத் திரும்பிய மறுநாளே எண்ணெய் முழுவதையும் மாற்றினோம். வெளிவந்தது தேயிலைச் சாயம்போற் கறுத்திருந்தது. தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் காற்றை வெளியேற்றினோம். இப்பொழுது மாற்றிய திகதியை வண்டியின் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஈராண்டுக்கு ஒருமுறை அதனைத் தவறாது புதுப்பிக்கிறோம். மலைநாடு செல்லும் அன்பர்கள் தத்தம் வண்டிகளிலும் அத்தகைய ஒரு திகதி உண்டா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்வார்களாக.