மட்டாஞ்சேரியின் செல்வம்

நுழையும்முன்

பரப்பில் சிறியவையாய், செல்வத்தில் பெரியவையாய் விளங்கும் கடற்கரை நாடுகள் உலகில் சில உண்டு. அவற்றைக் காணப் பயணிகள் நெடுந்தொலைவு செல்கின்றனர். கேரளக் கடற்கரையிலும் அத்தகைய அரசு ஒன்று இருந்தது. அதன் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை இப்பாடம் கூறுகிறது.

சிற்றரசு

மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ என்னும் நாடு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். இளவரசர் ஆளும் அந்நாட்டின் அரண்மனையையும், துறைமுகத்தில் நிற்கும் உல்லாசப் படகுகளையும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர்.

இந்தியக் கடற்கரையில் அவ்வாறு புகழ்பெற்றிருந்த சிற்றரசு கொச்சி. 1949ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் அது திருவிதாங்கூருடன் இணைந்தது. அப்போது அதன் பரப்பு ஏறத்தாழ 3,700 சதுர கிலோமீட்டர். மொனாக்கோவை நோக்கப் பெரிது. அண்டையிலிருந்த திருவிதாங்கூரையும் சென்னை மாகாணத்தையும் நோக்க மிகச் சிறிது. எனினும் அதன் பெயர் போர்ச்சுகல், ஆலந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் நன்கு அறியப்பட்டிருந்தது. அவ்வரசின் அரண்மனை மட்டாஞ்சேரியில் உள்ளது.

கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வருவர். அவர்களுக்கு மட்டாஞ்சேரியைக் காட்டும் பொறுப்பு, மலையாளம் நன்கறிந்த பிள்ளைகளிடமே பெரும்பாலும் வந்து சேரும். "இங்கே பார்ப்பதற்கு என்னப்பா இருக்கிறது?" என்று தாத்தா கேட்பார். அவ்வினாவிற்கு விடை கூற, வழி தெரிந்திருந்தால் மட்டும் போதாது. ஊரின் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனை வெளித்தோற்றத்தில் எளிமையானது. வெண்சுவர்களும் ஓட்டுக்கூரையும் உடைய அதனைக் கண்டு, "இதுவா அரண்மனை?" என்று வியப்போர் பலர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இதனைக் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். கோயில் ஒன்றைத் தாங்கள் கொள்ளையிட்டதால் எழுந்த சினத்தைத் தணிக்கவே அவ்வாறு செய்தனர் என்பர். 1663ஆம் ஆண்டு கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இதனைப் புதுப்பித்தனர். ஆதலால் இது 'டச்சு அரண்மனை' என்றும் வழங்கப்படுகிறது. உள்ளே மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. நடுமுற்றத்தில் பழையன்னூர்ப் பகவதியின் கோயில் உள்ளது.

இத்தனை நாட்டவரும் இங்கு வரக் காரணம் மிளகு. சங்க காலத்தில் யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச்சென்ற துறைமுகம் முசிறி. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருகிய வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்தது என்றும், தெற்கே கொச்சித் துறையைத் திறந்தது என்றும் கூறுவர். கடல் ஒரு வாசலை மூடி, மற்றொன்றைத் திறந்தது. திறந்த வாசலின் வழியே வணிகர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து பீரங்கிகளும் வந்தன.

செப்பேடு

அரண்மனையை அடுத்து யூதர் தெரு உள்ளது. அதன் முடிவில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தைக் காணலாம். அதன் தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டவை.

இக்கூடம் பேணிவரும் செப்பேடுகள் ஓடுகளினும் அரியவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினார். பகலில் விளக்கேற்றிச் செல்லுதல், குடை பிடித்தல், தோரணம் கட்டுதல், சுங்கவரி விலக்கு ஆகியன அவற்றுள் சில. கடல் கடந்து வந்த ஒருவருக்கு ஊர்ப் பெருமக்களுக்குரிய சிறப்பை அம்மன்னர் அளித்தார். அச்செப்பேடுகள் வட்டெழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் மொழி, தமிழும் மலையாளமும் முற்றும் பிரிந்து நில்லாத காலத்திற்கு உரியது. எழுத்தைப் படித்துக் காட்டினால், 'குடை', 'தோரணம்' என்னும் சொற்கள் இன்றைய தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும்.

'பரதேசி' என்னும் சொல்லுக்கு வேற்று நாட்டவர் என்பது பொருள். தமிழ்நாட்டில் அச்சொல் இன்று வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் அது ஒரு வழிபாட்டிடத்தின் பெயராக நிலைத்துள்ளது.

சுமந்த தோள்கள்

யூதர் தெருவைக் கடந்து கடைவீதிச் சாலையை அடைந்தால், சுக்கும் மிளகும் மணக்கும் பழைய பண்டகசாலைகள் காயலை நோக்கி நிற்கின்றன. பயணிகள் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்வர். ஆனால் அம்மூட்டைகளை யார் சுமந்தனர் என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

முன்பு கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் வழக்கம் இருந்தது. வேலை தேடிக் காலையில் கூடும் தொழிலாளர் நடுவே, மேற்பார்வையாளர் உலோக வில்லைகளை வீசுவார். அவற்றைப் பாய்ந்து பிடித்தவருக்கு அன்று வேலை உண்டு. பிடிக்காதவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஒரு வில்லைக்காக நண்பரும் மோதிக்கொண்டனர். மனிதரை இழிவுபடுத்திய இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுடைய போராட்டத்தின் பயனாய் அவ்வழக்கம் பின்னாளில் ஒழிந்தது.

செப்பேட்டில் எழுதித் தரப்பட்ட உரிமையும் இவ்வூரினுடையதே. உயிரைக் கொடுத்துப் பெறப்பட்ட உரிமையும் இவ்வூரினுடையதே. ஒன்றை மட்டும் கண்டு திரும்புபவர் மட்டாஞ்சேரியைப் பாதியே கண்டவராவார்.

வந்தவர் வாழ்ந்த ஊர்

கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பல மொழியினர் இங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அருகிலுள்ள கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் துணி வெளுப்போரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அவர்கள் அழைத்துவரப்பட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊருக்குப் புதியவர்களாய் வந்த அவர்கள், உழைப்பால் ஊரின் உறுப்பாயினர்.

கொச்சியின் செல்வம் அதன் நிலப்பரப்பிலிருந்து வந்ததன்று. மலையில் மிளகு பறித்த கைகளும், அதனைச் சுமந்த தோள்களும், கடல் கடந்து வந்த கால்களும் சேர்ந்து ஈட்டிய செல்வம் அது. பிழைப்பிற்காகப் பெற்றோர் ஊர் விட்டு வந்த பிள்ளைகள், தாம் இங்கு யார் என்று சில வேளைகளில் எண்ணக்கூடும். வந்தவர்களால் வளர்ந்த ஓர் ஊரில் அவர்கள் விருந்தினர் மட்டும் அல்லர். அதன் கதையைத் தொடர்ந்து எழுதுபவர்களும் ஆவர்.

சொல்லும் பொருளும்

தூர்த்தல் – மண்ணால் நிரப்புதல்
பள்ளியறை – உறங்கும் அறை
பண்டகசாலை – சரக்குகளைச் சேர்த்துவைக்கும் இடம்
காயல் – கடலோர உப்புநீர்ப் பரப்பு

சிந்தித்து எழுதுக

1. 'சாப்பா' முறை மனிதரை இழிவுபடுத்தியது எவ்வாறு?
2. உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.